கணக்கில் ஏறாத பங்கு

ஊரிலுள்ள வீட்டைப் பற்றிப் பேசும்போது தில்லிவாழ் தமிழர் குரல் சற்றே தழைவதுண்டு. கிராண்ட் டிரங்கிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஆண்டுக்கொரு முறை சென்று, நான்கு நாள் தங்கி, பூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு வருகிறோமே, அந்த வீடு. கும்பகோணத்திற்கு அருகே எங்களுக்கும் அப்படியொன்று இருந்தது. ஓட்டு வீடு, முன்னே திண்ணை, கொல்லையில் இரண்டு தென்னை. 2013ஆம் ஆண்டில் அதை விற்றோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது சகோதரர் இருவரை. மூத்தவர் ஒரு தொழிற்சாலையிலும் இளையவர் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகவும் தில்லியிலேயே காலத்தை ஓட்டிவிட்டோம். பழியைப் பாதியாக்கிக் கொள்ள இந்தப் பன்மை வசதியாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

எங்களுக்கு மூத்தவள் அக்காள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா 2012இல் காலமானார், உயில் எழுதவில்லை. வீடு அவர் கூட்டுறவுச் சங்கச் சம்பளத்தில் கட்டியது. சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்துக்குத்தான் 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதற்கும் திருத்தங்கள் தேவைப்பட்டன. வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழிலும் மூன்று பெயர்கள் ஒரே வரிசையில் இருந்தன. எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

ஆயினும், அக்காளுக்குத் திருமணத்தின்போதே செய்தாயிற்று என்றோம். உறவினரும் ஆமோதித்தனர். விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. எவ்வித வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக, அன்பினாலும் பாசத்தினாலும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அதில் வாசகம். பத்திர எழுத்தர் எல்லாருக்கும் எழுதும் வாசகம்தான் அது. அக்காள் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டாள். வீடு பதினெட்டு இலட்சத்திற்குப் போயிற்று. ஆளுக்கு ஒன்பது எடுத்துக்கொண்டோம். அக்காளுக்கு ஒரு பட்டுப் புடவையும் மூன்று பவுன் சங்கிலியும் கொடுத்தோம். தாராளமாகவே நடந்துகொண்டோம் என்ற நிறைவுடன் இரயில் ஏறியதும் நினைவிருக்கிறது.

சென்ற ஆண்டு இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு மாற நேர்ந்தது. பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் அப்பாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. பால், மண்ணெண்ணெய், கோயில் அர்ச்சனை என்று எதையும் விடாமல் எழுதுபவர். அதில் 1996 ஜூன் முதல் 1999 ஜனவரி வரை மாதந்தோறும் ஒரு வரி: "பாப்பா கொடுத்தது 600." அக்காள் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் எண்ணூறு. முப்பத்திரண்டு மாதங்கள், 19,200 ரூபாய். எதிர்ப்பக்கத்தில் ஒருவருக்குத் திருச்சி விடுதிக் கட்டணம், மற்றவருக்குக் கல்லூரிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சைக்கிள் டயர். வரவும் செலவும் ஏறக்குறைய நேராகவே இருந்தன.

இன்னும் சில தாள் தள்ளி, "பாப்பா கல்யாணம்" என்று அடிக்கோடிட்ட தலைப்பு. மொத்தம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். "பையன்கள் படிப்பு" என்றொரு தலைப்பைத் தேடினோம். இல்லை. எங்களுக்குச் செய்த செலவு குடும்பச் செலவாகிவிட்டது. அவளுக்குச் செய்தது மட்டும் அவள் பேரில் பற்று எழுதப்பட்டது. அதைக் காட்டித்தான் வீட்டையும் எடுத்துக்கொண்டோம்.

இளையவர் அலுவலகத்தில் பார்ப்பது ஓய்வூதியக் கோப்புகள். 1972ஆம் ஆண்டு விதிகளில், நியமனம் இல்லாதபோது பணிக்கொடை பெறுவோர் வரிசையில், திருமணமான மகள் மனைவிக்கும் மகன்களுக்கும் மணமாகாத மகளுக்கும் வெகு பின்னால் நின்றாள். அந்தப் பக்கத்தை எத்தனையோ கோப்புகளில் எடுத்துக் குறிப்பு எழுதியதுண்டு. ஒருநாளும் கை தயங்கியதில்லை.

பதிவான பத்திரம் செல்லும். வழக்குரைஞரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மூன்றாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு ஆறு இலட்சம். அப்படியானால் நாங்கள் ஒவ்வொருவரும் மூன்று இலட்சம் கூடுதலாக வைத்திருக்கிறோம். பன்னிரண்டு ஆண்டு வட்டியைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அண்ணி, மூன்று பவுனையும் கழிக்க வேண்டாமா என்றார். அந்த வாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. கடைசியில் கழிக்கவில்லை. வைப்பு நிதியிலிருந்து முதல் தவணைக்கு விண்ணப்பம் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தொலைபேசியில் பேசத் துணிவு வந்தது.

அக்காள் முழுவதும் கேட்டாள். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தோம். ஒருவேளை உள்ளூர விரும்பினோமோ என்னவோ. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அனுப்புங்கடா. மாடியில ஒழுகுது, தளம் போடணும்" என்றாள். பிறகு சிரித்தாள். "ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்த அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல அரை நாள் சம்பளம் பிடிச்சுட்டாங்க. அதையும் சேர்த்துக்கங்க."

எவ்வளவு என்று கேட்டோம். நினைவில்லை என்றாள். அப்பாவின் நோட்டை மட்டும் தபாலில் போடாமல், அடுத்த முறை வரும்போது கையில் கொண்டுவந்து தரச் சொன்னாள்.