கொட்டில் எண்ட சொல்லைத் தேடின கதை

போன செமஸ்டரில் எங்கட ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவில் இப்படி ஒரு வசனம் இருந்தது: ‘மீள்குடியேறிய மக்களின் பேச்சில் கொட்டில் என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது, அவர்கள் தற்காலிக வீடு என்றே குறிப்பிடுகிறார்கள்.’ எழுதின மூன்று பேருக்கும் அந்த வசனம் நல்லாப் பிடிச்சிருந்தது. உதவி நிறுவனங்களின்ட சொல் சனத்தின்ட வாயில் வந்து ஏறிவிட்டது எண்டு அதுக்கு மேல் ஒரு வாதத்தையே கட்டியிருந்தோம்.

வசனம் முழுக்கப் பிழை. அந்தப் பிழை எப்படி வந்தது எண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களிட்ட 14 நேர்காணல்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அவ்வளவு பக்கத்திலும் ஒரு சொல்லைக் கண்ணால் தேட ஏலாது. கணினி விஞ்ஞானம் படிக்கிற சீனியர் அண்ணா ஒருவர் லினக்ஸ் போட்டுத் தந்து, டெர்மினல் எண்ட கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் தேடவும் காட்டித் தந்தார். “கிரெப் எல்லாம் அந்தக் காலம். ரிப்கிரெப் போடுங்கோ, பறக்கும்” எண்டார்.

உண்மையிலேயே பறந்தது. கிரெப் என்பது 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் எழுதின கருவி. ஒரு கோப்பில் நீங்கள் கேட்கிற சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். ரிப்கிரெப் அதே வேலையைச் செய்ய அன்ட்ரூ கலன்ட் 2016இல் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்டது. இப்படி நிறைய வந்திருக்கின்றன: ஃபைண்ட் கட்டளைக்குப் பதில் எஃப்டி, கேட் கட்டளைக்குப் பதில் பேட், எல்எஸ் கட்டளைக்குப் பதில் எக்ஸா. எல்லாம் வேகம், நிறம் நிறமாக் காட்டும், கட்டளையும் சின்னன். பழசில் பத்துக் குறி போட்டுக் கேட்க வேண்டியதை இதுகள் கேட்காமலே செய்து தரும்.

‘கொட்டில்’ எண்டு தட்டினோம். ஒரு வரியும் வரேல்ல. ‘தற்காலிக வீடு’ எண்டு தட்டினோம். 23 வரிகள். எங்களுக்குச் சந்தோசம். வசனத்தை எழுதிவிட்டோம்.

வரைவை வாசித்த மிஸ் அந்த இடத்தில் நிண்டுவிட்டா. “எங்கட வீட்டில ஆடு நிண்டதும் கொட்டில்தான், இடம்பெயர்ந்து போய் நாங்கள் இருந்ததும் கொட்டில்தான். பதினாலு பேரில ஒருத்தர்கூடச் சொல்லேல்லையா, பிள்ளையள்?” எண்டு கேட்டா. கோபமாக இல்லை, நம்ப ஏலாமல் கேட்டா.

முழு ஃபோல்டரையும் பென் ட்ரைவில் கொண்டுபோய் ஃபகல்டி லாபில் இருந்த பழைய லினக்ஸ் மெசினில் போட்டுப் பார்த்தோம். அதில் ரிப்கிரெப் இல்லை, பழைய கிரெப்தான் இருந்தது. ஃபோல்டருக்குள்ளே எல்லாத்திலும் தேடு எண்டு குறி போட்டுத் தட்டினோம். மெதுவாத்தான் வந்தது. ஆனால் 41 வரிகள் வந்தன. ‘கொட்டிலுக்கை தண்ணி வந்திட்டுது’, ‘கொட்டில் போடத் தடி வெட்டப் போன நாங்கள்’ எண்டு சனம் கதைச்சுக்கொண்டே இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. மூன்று பேரும் ஒரே வேலையைப் பகிர்வதற்காக அந்த ஃபோல்டரைக் கிட் மூலம் பராமரித்தோம். நேர்காணல்களில் ஆக்களின்ட பெயர், ஊர் எல்லாம் இருந்ததால் அவை வெளியே ஏறக்கூடாது எண்டு, மூலப்பிரதிகள் இருந்த ஃபோல்டரை ‘புறக்கணி’ பட்டியலில் நாங்களே போட்டிருந்தோம். ரிப்கிரெப் அந்தப் பட்டியலை மதிக்கும். மறைந்திருக்கிற ஃபைல்களுக்குள்ளும் போகாது. இது ஒளிச்சு வைத்த சங்கதி இல்லை, அதின்ட அறிமுகத்திலேயே எழுதியிருக்கு. மென்பொருள் எழுதுகிற ஆக்களுக்கு அது பெரிய உதவி, தேவையில்லாத ஆயிரம் ஃபைல்களைத் தாண்டிப் போகலாம். ‘யு’ எழுத்தைக் குறியாக மூன்று முறை போட்டால் எல்லாத்தையும் தேடும். நாங்கள் வாசிக்கேல்ல.

அப்ப அந்த 23 ‘தற்காலிக வீடு’ எங்கேயிருந்து வந்தது? மூலப்பிரதிகளை விட்டால் அந்த ஃபோல்டரில் மிஞ்சினது நாங்கள் எழுதின சுருக்கக் குறிப்புகள் மட்டும்தான். அந்த அம்மாக்கள் ‘கொட்டில்’ எண்டு சொன்னதைக் கேட்டு, குறிப்பில் ‘தற்காலிக வீடு’ எண்டு எழுதினது நாங்கள். நிறுவனங்களின்ட சொல் ஏறியிருந்தது எங்கட கையில்தான்.

பழசுதான் நல்லது எண்டு சொல்ல வரேல்ல. திரும்ப எழுதுவது புதுசும் இல்லை. இண்டைக்கு நாங்கள் ‘பழைய கிரெப்’ எண்டு சொல்லுகிற குனூ கிரெப்பே, யூனிக்ஸில் இருந்ததை 1980களில் திரும்ப எழுதினதுதான். திரும்ப எழுதினதெல்லாம் நிலைக்கும் எண்டும் இல்லை. எக்ஸாவைப் பராமரிக்க ஆளில்லாமல் போக, 2023இல் ஈஸா எண்ட பெயரில் வேறு ஆக்கள் தொடர்ந்தார்கள்.

இன்னொரு வகையும் இருக்கு. யூயூட்டில்ஸ் எண்ட திட்டம் குனூவின் அடிப்படைக் கட்டளைகளை ரஸ்டில் திரும்ப எழுதுகிறது. அதின்ட வாக்குறுதி வேறு: எதையும் மாற்றாமல், பழசு போலவே நடக்கும். 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10 அதையே இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியது. கொஞ்ச நாளில் டேட் கட்டளையில் ஒரு பிழை பிடிபட்டது. ஒரு ஃபைல் கடைசியாக எப்ப மாறினது எண்டு கேட்டால், இப்ப என்ன நேரம் எண்டு சொன்னது. அதனால் சில மெசின்களில் தானாகப் புதுப்பிப்புத் தேடுகிற வேலை நடக்காமல் நிண்டது. கெதியாகத் திருத்திவிட்டார்கள். ஆனால் எங்களுக்கு அதை வாசிக்கத் தெரிந்த கதை போல இருந்தது. அங்கேயும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரேல்ல, ஒரு விடைதான் வந்தது.

கருவி ‘இல்லை’ எண்டால், நான் பார்த்த இடத்தில் இல்லை எண்டுதான் பொருள். எங்கே பார்த்தாய் எண்டு கேட்பது எங்கட வேலை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது புதுப் பாடமும் இல்லை. சுவடிக்கூடத்தில் ஒரு பெயர் இல்லை எண்டால், ஆர் பதிந்தது, எதை விட்டது எண்டு கேட்கச் சொல்லித்தான் முதல் வருசத்திலேயே படிப்பிச்சவை. கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தவுடன் அதை மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. 14 நேர்காணலில் ஒன்றில் மட்டும் கிரெப்பும் ரிப்கிரெப்பும் ‘கொட்டில்’ இல்லை எண்டன. இந்த முறை நம்பேல்ல, அச்செடுத்து வாசித்தோம். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பிரதி பாமினியில் அடித்து யூனிகோடுக்கு மாற்றினது. ‘கொ’வில் வருகிற குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் எண்டு இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு கருவிகளுக்கும் அவை வெவ்வேறு சொற்கள்.

வசனத்தை வெட்டிவிட்டு, எங்கட குறிப்புகளில் சொல் எப்படி மாறினது எண்டு ஒரு பகுதி எழுதினோம். மிஸ் அதுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தா. ரிப்கிரெப்பை இப்பவும் பாவிக்கிறோம். இப்ப தேடுவதற்கு முன்னம், இருக்கு எண்டு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கிறோம். அது 14 ஃபைல்களிலும் வந்தால்தான் அடுத்த சொல்.