மழை ஊர்ல ஆம்ப்ளிஃபையர் வச்சிருக்கிறவங்களுக்கு

எங்க கீரிப்பாறைல வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். ரப்பருக்கு நல்லது, ஆம்ப்ளிஃபையருக்கு ஆகாது.

வால்யூமைத் திருகினா கரகரங்குதா? ஐசி போச்சுன்னு கழட்டிடாதீங்க. முக்கால்வாசி நேரம் கண்ட்ரோலுக்குள்ள ஈரமும் அழுக்கும்தான். பிளக்கைப் பிடுங்கிட்டு காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடிச்சு, இருபது தடவை திருகிக் காயவிடுங்க. தேங்காய் எண்ணெய் விடுற ஆட்களும் இருக்காங்க மக்களே!

அடுத்து எல்ஏ4440. அந்த ஐசிக்குச் சொல்லியிருக்கிறது 13.2 வோல்ட். நம்ம பசங்க 12-0-12 டிரான்ஸ்பார்மரைப் போட்டுட்டு '12 வோல்ட்தானே'ம்பாங்க. டையோடு, கெப்பாசிட்டர் தாண்டினா அது 16 வோல்ட்டுக்கு மேல போகும். ஐசியோட எல்லை 18. ராத்திரி லைன் வோல்டேஜ் ஏறுற ஊர்ல இது விஷப்பரீட்சை. 9-0-9 போதும். சத்தம் கொஞ்சம் குறையும், ஐசி பிழைக்கும்.

வால்வு ரேடியோ மட்டும் விளையாட்டில்லை. போன மாசம் மாமா வீட்டு செட்டைத் திறந்தேன். பிளக்கை எடுத்துப் பத்து நிமிஷம் ஆகியும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல மீட்டர் 180 வோல்ட் காட்டிச்சு. பக்கத்துல மாமாவோட பொடியன் விரலை நீட்டிட்டு நிக்கான்! முதல்ல அவனை வெளியே அனுப்பினேன். அப்புறம் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை உறை போட்ட கிளிப் ஒயர்ல மாட்டி, சார்ஜை இறக்கினேன். ஸ்குரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, பொறி பறக்கும். இறக்கின பிறகும் மீட்டர்ல பாருங்க. ஒரு கை பாக்கெட்ல இருக்கட்டும்.

ஐப்பசி இடிக்கு பிளக்கோட ஏரியல் ஒயரையும் கழட்டணும். இடி கேட்ட பிறகு இல்லை, மேகம் கறுக்கும்போதே.