சாக்குக்குக் கம்பி, அம்மாயிக்குக் கம்பிளி

பினாங்கில் வேலை செய்கிற அண்ணன் ஒருத்தர் எங்க குரூப்புக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஆயர் ஈத்தாம் என்ற புறநகரிலிருந்து பினாங்கு மலை உச்சிக்கு ஒரு ரயில் பெட்டி விறுவிறுன்னு ஏறுது. முன்னால இழுக்க என்ஜின் கிடையாது. பூனாகலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி நாலைந்து தடவை பார்த்தோம். பஸ் வரல.

சங்கதி இதுதான். ஒரே வடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. மோட்டார் வடத்தைச் சுற்ற, ஒன்று ஏறும், மற்றது இறங்கும். இறங்குகிற பெட்டியின் பாரமே ஏறுகிறதைத் தூக்க உதவும். நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ரெண்டும் விலகிக்கொள்ளும். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பாதை. முன்னெல்லாம் நடுவில் பெட்டி மாறி அரை மணி நேரம் ஆகுமாம். 2011இல் புதுப்பித்த பிறகு அந்த மாறுற வேலை இல்லை, பத்து நிமிசத்தில் உச்சி.

எங்களை யோசிக்க வைத்தது அதன் வருசம். திறப்பு விழா 1924 ஜனவரி 1. அதே 1924இல்தான் நம்ம ரயில் பாதையும் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ரெண்டுமே வெள்ளைக்காரன் காலம். அங்கே வெயில் தாங்காத துரைமார் குளிர்ச்சி தேடி மேலே போக. இங்கே தேயிலைப் பெட்டி கீழே போக.

கம்பியில் பாரம் போவது நமக்குப் புதுசா என்ன? 1890இல் அப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கிய லிப்டன், கொழுந்துச் சாக்கைக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் ஸ்டோருக்கு இறக்கினார். எங்களில் ஒருத்தியின் அம்மாயி சொல்லும்: "சாக்கு பறந்து போகும்டி. நாங்க நடந்து போவோம்."

அந்த அம்மாயிக்குப் போன மழையில் மூச்சுத் திணறல். த்ரீவீல்காரர் லயம் வரைக்கும் ஏத்த முடியாதுன்னுட்டார். கம்பிளியில் கட்டி, கம்பு கொடுத்து, நாலு பேர் தூக்கினோம். ரோட்டுக்கு வர முக்கால் மணி நேரம். ரெண்டு இடத்தில் கால் வழுக்கியது. "போட்டுராதீங்கடா"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்துச்சு. பொழைச்சுக்கிச்சு.

நமக்கும் ஒரு ரயில் கேட்டா என்ன? தம்பி ஒருத்தன் நோட்டில் கோடே போட்டுட்டான். ஆனால் தண்டவாளத்துக்கு அசையாத தரை வேணும். நம்ம மண்ணு 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களையே மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலையிலும் சரிந்தது. அதுபோக, பினாங்கில் உல்லாசப் பயணிகள் டிக்கெட் வாங்குறாங்க. லயத்தைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவா?

அந்தக் கோட்டுக்குக் கீழேயே இப்ப வேற கணக்கு எழுதியிருக்கோம்: எங்கே படி கட்டணும், எங்கே கைப்பிடி வேணும், தண்ணி போக எங்கே கான் வெட்டணும். ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடிச்சு அளக்கப் போறோம். வீடியோ அனுப்பின அண்ணனிடம் சீமெந்துக்குக் காசு கேட்டோம். "எத்தனை மூட்டை?"ன்னு ராத்திரி பதில் வந்திருக்கு.