கங்காருவைக் காப்பாற்றியவர்கள்

செக் நாட்டின் பிராக் நகரில் 1905இல் பிறந்த காற்பந்துக் குழு பொஹிமியன்ஸ். 1927இல் ஆஸ்திரேலியாவுக்கு விளையாடப் போனபோது கங்காருகள் பரிசாகக் கிடைத்தன. அதுவே குழுவின் சின்னமானது. 1976 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், பெனால்டியை மெதுவாகத் தூக்கிவிட்டு கோல்காவலரை ஏமாற்றிய பனென்கா இந்தக் குழுவின் ஆட்டக்காரர்தான்.

நூறாவது வயதில் குழு கடனில் மூழ்கியது. ரசிகர்கள் கைக்காசைப் போட்டு மீட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பேட்டைத் தமிழ்ப் புத்தகக்கடை மூடியபோது, வானொலியில் உருக்கமாகப் பேசினேன். நேயர்களும் அழைத்து வருந்தினார்கள். ஆனால், அங்கே நான் கடைசியாகப் புத்தகம் வாங்கியது எப்போது? யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

அந்த ரசிகர்கள் வருந்தியதோடு நிற்கவில்லை. கங்காரு இன்றும் துள்ளுகிறது.