பத்துப் பன்னிரண்டு பேர்

புரோகிராம் எழுதுகிறவர்கள் பிறர் எழுதிய புரோகிராமை வாசிப்பதுண்டு. அதைக் கட்டி எழுப்புகிற கட்டளைக் கோப்பை யாரும் வாசிப்பதில்லை. உடைகிறபோது மட்டும் வெறித்துப் பார்க்கிறார்கள். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்தக் கோப்புக்கு மேக்ஃபைல் என்று பெயர். அதைப் படித்துச் செயல்படும் கருவி மேக். பல வருஷங்களாகப் பிழைப்பின் நிமித்தம் இதை வாசித்து வருகிறவன் என்ற முறையில், வாசிப்பு என்கிற காரியத்தைப் பற்றி விமர்சனப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றிரண்டு விஷயங்களை இது எனக்குச் சொல்லியிருக்கிறது என்றே படுகிறது.

அமைப்பு எளிமையானது. இடப்பக்கம் உண்டாக்க வேண்டிய பொருளின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு அது எந்தெந்தக் கோப்புகளைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியல். அடுத்த வரியில், எப்படி உண்டாக்குவது என்ற கட்டளை. மூலக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் விளைபொருளின் நேரத்தையும் மேக் ஒப்பிடுகிறது. மூலம் புதிதாக இருந்தால் திரும்பக் கட்டும், இல்லாவிட்டால் தொடாது. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் கட்டளை வரி ஒரு டேப் எழுத்தில் தொடங்கியாக வேண்டும். டைப்ரைட்டர் காலத்திலிருந்து வந்த அதே டேப். எட்டு வெற்றிடங்கள் தட்டினால் திரையில் அச்சாக அப்படியேதான் இருக்கும். மேக் ஏற்காது. 'மிஸ்ஸிங் செபரேட்டர். ஸ்டாப்.' என்று நின்றுவிடும்.

என்னுடன் வேலை பார்த்த ஓர் இளைஞர் இதில் ஒரு மதியத்தைத் தொலைத்தார். கடிதத்தில் வந்த மேக்ஃபைலை வெட்டி ஒட்டியிருந்தார். வழியில் டேப்கள் எல்லாம் வெற்றிடங்களாகியிருந்தன. 'இரண்டும் ஒன்றேதான் சார், நீங்களே பாருங்கள்' என்றார். பார்த்தால் ஒன்றேதான். அதனால் பார்க்க வேண்டாம் என்றேன். கேட் என்ற கட்டளைக்கு வி, ஈ, டி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் டேப் இருக்குமிடத்தில் ஒரு தொப்பிக் குறியும் ஐ என்ற ஆங்கில எழுத்தும் தெரியும். வரி முடிகிற இடத்தில் டாலர் குறி நிற்கும். ஒரு கோப்பில் தொப்பி இருந்தது, மற்றதில் இல்லை. கண்ணால் சரிபார்த்த பிரதியை வேறொரு புலனால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த டேப் வந்த கதை தெரிந்ததுதான். 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் அவர் அறைக்குள் கோபமாக வந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று. ஆனால் அந்தக் கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய துண்டையே இணைத்துக்கொண்டு, சரியான புரோகிராமில் இல்லாத பிழையை ஒரு காலை முழுக்கத் தேடியிருக்கிறார். ஃபெல்ட்மனுக்கும் முந்தின மாலை அதே அவஸ்தை. அந்த வார இறுதியில் மேக் பிறந்தது. டேப் என்பது அவசரத்தில் எடுத்த எளிய வழி. சில வாரங்களில் அது சரியில்லை என்று தெரிந்தபோது ஏறக்குறைய பன்னிரண்டு பேர் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனம் வராமல் விட்டுவிட்டதாக, எரிக் ரேமண்டின் 2003ஆம் வருஷத்துப் புத்தகத்தில் ஃபெல்ட்மனே சொல்லியிருக்கிறார். அதே 2003க்கான ஏ.சி.எம். மென்பொருள் விருது மேக்குக்காக அவருக்குக் கிடைத்தது. வேறு எழுத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை க்னூ மேக்கில் 2010இல் வந்தது. அதற்குள் டேப் பழக்கமாகி, பழக்கம் இலக்கணமாகிவிட்டிருந்தது.

ஃபெல்ட்மனைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பர்களின் வேலையைக் கெடுக்காதிருப்பது பண்புதான். அந்தப் பண்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் அப்போது அறையில் இல்லாதவர்கள் என்பதுதான் விஷயம்.

டேப் தவறினால் மேக் நின்றுவிடுகிறது. எந்த வரியில் என்றும் சொல்கிறது. இது நல்ல பிழை. மற்றவை இவ்வளவு நாணயமானவை அல்ல. 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்றால் விதி இல்லை என்று பொருள்; காரணம் பெரும்பாலும் விதியல்ல, ஒரு கோப்பு இல்லாமை, அல்லது பெயரில் ஓர் எழுத்துப் பிசகு. கடைசி வரியில் 'எர்ரர் 1' என்று வருவது வெறும் மரண அறிவிப்பு. கம்பைலர் செத்ததை மேக் தெரிவிக்கிறது. காரணம் பல வரிகளுக்கு மேலே கிடக்கும். பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டினால் செய்திகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து இன்னும் தள்ளிப்போகும். ஒவ்வொன்றாக ஓட்டி, மேலிருந்து முதல் பிழையை வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது பிழையே காட்டாத பிழை. ஒரு ஹெடர் கோப்பைத் திருத்துகிறோம். சார்புப் பட்டியலில் அதை எழுத மறந்திருக்கிறார்கள். எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்று மேக் அமைதியாகச் சொல்கிறது. அதாவது ஜான்சனின் அந்தக் காலைப் பொழுது, அதைத் தடுக்கப் பிறந்த கருவியின் கையாலேயே திரும்ப வருகிறது. சார்புகளைக் கம்பைலரே எழுதித் தரும் வசதி இன்று உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

சிறு பத்திரிகை வாசகர்களுக்கு இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நாமும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். நமக்குள் சௌகரியத்துக்காகச் சில சொற்களை வைத்துக்கொண்டோம். பிரக்ஞை என்போம், தளம் என்போம், அனுபவத் தீவிரம் என்போம். முதலில் சொன்னவருக்கு அது அவசரத்தில் எடுத்த எளிய வழியாகவே இருந்திருக்கும். நண்பர்களுக்குப் புரிந்தது, போதும் என்றிருந்தோம். பிறகு வந்த ஓர் இளைஞன் கவிதை எழுதி அனுப்புகிறான்; நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று அதில் இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். அவனோ தன் கவிதையையும் நாம் அச்சிட்ட கவிதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

க்னூ மேக் இந்த இடத்தில் நம்மைவிட மேல். வரி எட்டு வெற்றிடங்களில் தொடங்கினால், டேப் போட நினைத்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் நிற்கிறது. என்ன நினைத்து எழுதினான் என்பது அதற்குத் தெரிகிறது. ஆனாலும் ஊகத்தில் காரியம் செய்ய மறுக்கிறது. கறாரும் உதவியும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் விமர்சனங்கள் நிராகரிக்கட்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. அவை வரி எண்ணைக்கூடச் சொல்வதில்லை.