குருதியின் வாயில்

எமது இளமையிலே வாவிக்கரை ஊர்களில் மலேரியா புகாத இல்லங்கள் மிகச் சில. ஒரே பாயிற் படுத்த இருவருள் என்னைக் குளிர்காய்ச்சல் உலுக்கும், தம்பியைத் தீண்டாது. “உன் இரத்தம் பழுது” என்றனர் மூத்தோர். குளோரோகுயினிலும் கசந்தது அச்சொல்.

அண்மையில் அதனை மீண்டும் கேட்டேன். தலசீமியாக் கூறு உண்டெனப் பரிசோதனை காட்டவே, உறவுப் பெண்ணொருத்தியின் திருமணப் பேச்சு முறிந்தது.

அறிவியல் கூறுவது வேறு. மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்தினுட் புக ஒரு வாயில் வேண்டும். அவ்வாயிலை ஆக்குவன பரம்பரையலகுகள். மேற்கு ஆபிரிக்கர் பெரும்பாலாரின் கலங்களில் டஃபி என்னும் புரதம் இல்லாமையால் விவாக்சு வகைக் கிருமிக்கு அங்கே வழி அரிதென்பதை 1976இல் லூயி மில்லர் குழுவினர் காட்டினர். 2015இல் ஹார்வாட் ஆய்வாளர், பரம்பரையலகுகளை அடக்கி வளர்த்த கலங்களிற் பல்சிப்பாரம் வகைக் கிருமியை விட்டு, அதற்கு வேண்டிய வாயிலொன்றைக் கண்டனர். தலசீமியாக் கூறும் மலேரியாவுக்கு எதிரான ஓர் அரணே. மத்தியதரைக் கடல் நாடுகளில் அது மலிந்தமைக்குக் காரணம் இதுவாகலாமென ஹோல்டேன் 1949இலேயே உரைத்தார்.

இலங்கையில் 2012உடன் உள்நாட்டு மலேரியா ஓய்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பகை நீங்கிற்று, அரண் எஞ்சிற்று. மணமக்கள் இருவரும் அக்கூறுடையோராயின், பிள்ளைக்கு நான்கிலொரு பங்கு கொடுநோய் வாய்ப்புண்டு. ஆதலின் இருவரையும் முன்னரே பரிசோதித்தல் நன்று. பெண்ணைப் பழித்தல் தீது. கல்லூரி அன்பர்காள், இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்போமாக.