கிருமிக்கும் ஒரு பந்தற்கால்

எலும்புக்கூடு என்னும் சொல் தமிழில் சாவோடு பிணைந்த சொல். உடல் அழிந்தபின் எஞ்சுவதையே அது குறிக்கும். உயிரோடிருக்கும் ஒருவரைப் பார்த்து, 'எலும்புக்கூடாகிவிட்டாரே' என்று சொன்னாலும், அவர் சாவின் வாயிலை நெருங்கிவிட்டார் என்பதே அதன் பொருள். ஆங்கில அறிவியலார் உயிரணுவுக்குள் அமைந்த நுண்ணிய தாங்கமைப்புக்கு எலும்புக்கூட்டின் பெயரையே சூட்டிவிட்டனர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'உயிரணு எலும்புக்கூடு' என்று எழுதும் மாணவன்மீது குற்றமில்லை. ஆயினும் அச்சொல் அவன் மனத்தில் எழுப்பும் படம் பிழையானது. வகுப்பறையில் ஒரு பிழையான படம் ஊன்றிவிட்டால், அதனைப் பிடுங்குவதற்கு ஒரு பாடவேளை போதாது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

உயிரணுவின் தாங்கமைப்பு எலும்பைப்போல் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்பதன்று. வேண்டும்போது சில நிமிடங்களில் எழுகிறது. வேலை முடிந்ததும் அவிழ்கிறது. அவிழ்ந்த உறுப்புகளே வேறோர் இடத்தில் வேறொரு வடிவில் மீண்டும் எழுகின்றன. திருமண வீட்டு முற்றத்தில் மூங்கில் நட்டுப் பந்தல் போடுகிறார்கள். மறுநாள் அதே மூங்கில்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகின்றன. இதற்கு உவமை அந்தப் பந்தற்காலேயன்றி இடுகாட்டு எலும்பன்று. 'உயிரணுச் சட்டகம்' என்று வழங்கினால் ஓரளவு பொருந்தும்.

மூங்கில் உவமை இன்னோர் இடத்திலும் பொருந்துகிறது. சட்டகத்தின் முதன்மையான கால்கள் உள்ளே துளையுடைய குழல்கள். டியூபுலின் என்னும் புரதத்தில் இருவகை உண்டு. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, பெரும்பாலும் பதின்மூன்று வரிசைகள் வட்டமாக இணைந்து ஒரு நுண்குழலாகின்றன. அதன் விட்டம் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரமாகக் கூறிட்டால் அதில் ஒரு கூறு. மனிதனின் உயிரணுவிலும் அதே குழல்கள்தாம். மனிதனைக் கொல்லும் ஓரணு ஒட்டுண்ணியிலும் அதே குழல்கள்தாம்.

அவ்வொட்டுண்ணிகளுள் மலாயாத் தோட்டத் தமிழர் நன்கறிந்தது மலேரியாக் கிருமி. அறிந்தது என்று சொல்வதைவிட, அதற்கு இரையானார்கள் என்று சொல்வதே நேர்மை. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்புநீரை வடித்துக் கொசுவை ஒடுக்கிக் காட்டினார். ஆனால் அதே முறை மலைப்புறத் தோட்டங்களில் எதிர்மாறான விளைவைத் தந்தது. அங்கே காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்ட பின்னரே காய்ச்சல் கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் வேறொரு கொசுவினம் அங்கிருந்ததே காரணம். காட்டை வெட்டியவர்களே அந்தக் கொசுவுக்கும் கடிபட்டார்கள். கொய்னாவின் கசப்பைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். பள்ளி வரலாற்று நூல்கள் ரப்பரின் விலையைச் சொல்லும் அளவுக்கு இதனைச் சொல்வதில்லை.

அந்தக் கிருமி உலகத்தார் கண்ணில் முதன்முதல் பட்டதும் அதன் சட்டகத்தின் வேலையினால்தான். 1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், காய்ச்சலுற்ற ஒரு படைவீரரின் குருதியை நுண்ணோக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். உருண்டையான ஒரு பொருளிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டையைப்போல் வீசி அடிப்பதைக் கண்டார். குருதியில் கறுத்த துகள்களை அதற்கு முன்பே பலர் கண்டிருந்தனர். அசைவைக் கண்டபின்னரே, இஃது உயிருள்ளது என்று அவர் துணிந்தார். அவ்விழைகள் யாவை என்பது 1897-இல் மெக்கலம் என்பவர் பறவைக் குருதியில் இதற்கு உறவான ஒரு கிருமியை ஆராய்ந்தபோது விளங்கியது. அவை கிருமியின் ஆண் அணுக்கள்.

அவை எப்படி உருவாகின்றன என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது. மனித உடலின் சூட்டில் அடங்கிக் கிடக்கும் ஆண் கிருமி, கொசுவின் வயிற்றை அடைந்து குளிர்ந்தவுடன் விழித்துக்கொள்கிறது. கண்ணாடித் தகட்டில் குருதி ஆறினாலும் அப்படியே விழிக்கிறது; லாவரான் கண்டது அதனைத்தான். ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் தன் மரபுப் பொருளை மும்முறை இரட்டித்து, நுண்குழல்களால் எட்டுச் சாட்டைகளைக் கட்டி, எட்டு ஆண் அணுக்களை வெளியே விடுகிறது. நடுவில் இரண்டு குழல்கள், சுற்றிலும் ஒன்பது இணைக்குழல்கள் என்பது அச்சாட்டையின் அமைப்பு. மனிதனின் விந்தணு வாலிலும் அதே கணக்குத்தான்.

இதுவரை சொன்னது கிருமிக்கும் மனிதனுக்கும் பொதுவான சரக்கு. பொதுவாயிருப்பதே மருத்துவத்திற்கு இடர். சங்கப் புலவர் பாடிய காந்தள் மலரைத் தமிழாசிரியர் எல்லாரும் அறிவர். அதன் கிழங்கிலுள்ள கால்ச்சிசின் என்னும் நஞ்சு, டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் எழவொட்டாமல் தடுக்கிறது. ஆயின் கிருமியின் பந்தற்கால் சாய்வதற்கு வெகுமுன்பே மனிதனின் பந்தற்கால் சாய்ந்துவிடும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்துப் புற்றுநோய்க்கு வழங்கும் மருந்தும் டியூபுலினையே தாக்குகிறது. மலேரியாவுக்குக் கொடுக்க இயலாதபடி அதுவும் மனித உயிரணுவுக்குக் கடுமையானது. எனினும் ஒற்றுமை முழுமையானதன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை, குடற்புழுவின் டியூபுலினை மட்டும் இறுகப் பற்றிப் புழுவைக் கொல்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் நேர்வதில்லை. களைக்கொல்லிகளுள் ஒருவகை, செடியின் டியூபுலினைத் தாக்குவது. அது மனித டியூபுலினை விட்டுவிட்டு மலேரியாக் கிருமியின் டியூபுலினையும் ஆய்வகத்தில் தாக்குவதைக் கண்டிருக்கிறார்கள். இக்கிருமியின் பழைய முன்னோர் ஒளியை உண்டு வாழ்ந்த பாசிகள் என்பதை அறிந்தவர்க்கு, களையோடு அதற்குள்ள இந்த ஒப்புமை முற்றிலும் எதிர்பாராததாகத் தோன்றாது. ஆனால் அப்பொருள்கள் நீரில் கரைவதே அரிது. இன்றளவும் அவை மலேரியா மருந்தாகவில்லை.

கிருமிக்கே உரிய சரக்கு ஒன்றும் உண்டு. கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் கிருமி, பிறை வளைவுடைய மெல்லிய உருவம். அதற்கு வாலில்லை, காலில்லை. இருந்தும் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் விரைவில் வழுக்கிச் சென்று, குருதிக்குழாயைத் தேடிப் புகுந்து, ஈரலை அடைகிறது. அதன் மேற்சவ்வுக்கு அடியில் தட்டையான பைகள் வரிசையாகப் பரவியுள்ளன. மேற்சவ்வுக்கும் பைகளுக்கும் இடையிலான ஒடுங்கிய வெளியில் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்கள் இழுபொறியாக வேலை செய்கின்றன. மனிதத் தசையை இழுப்பவையும் இவற்றின் உறவினவே. இழுப்பதற்கு ஊன்றிக்கொள்ள ஓர் உறுதியான தளம் வேண்டுமல்லவா? பைகளே அத்தளம். அவற்றின் உட்புறத்தில் ஆல்வியோலின் என்னும் புரதங்கள் கூடைபோல் பின்னப்பட்டிருக்கின்றன. கூடைக்கு உள்ளே நுண்குழல்கள் நெடுக ஓடுகின்றன. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இப்புரதக் குடும்பத்திற்குப் பெயரிட்டனர். மனித உடலில் இக்குடும்பத்தின் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

கூடை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2004-இல் எலி மலேரியாக் கிருமியில் அப்புரதங்களுள் ஒன்றற்குரிய மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை, கொசுவுக்குள் வளரவும் செய்தது. ஆனால் அதன் பிறை வடிவம் கெட்டது, நகர்ச்சி குன்றியது, எலிக்கு நோயைத் தரும் வன்மை போயிற்று. ஓட்டை விழுந்த கூடையில் நீர் மொள்ளப் புகுந்தவனின் நிலை அதற்கு. வடிவமும் வன்மையும் அக்கிருமிக்கு வேறுவேறு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

சிவப்பணுவுக்குள் புகும் கிருமி இன்னும் சிறியது. ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளமே. கொடிய இனமான பால்சிபாரத்தில் அதற்கு இரண்டு மூன்று நுண்குழல்களே உண்டு. அவையும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். உள்ளே புகுந்தவுடன் அக்கூடையையும் கால்களையும் கழற்றிவிட்டு உண்ணத் தொடங்கும். பெருகி வெளியேறும் நேரத்தில் ஒவ்வொரு குஞ்சுக்கும் புதிதாகக் கட்டும். இதனை 'எலும்பு' என்று எந்த மாணவன் நம்புவான்?

சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில், நுண்ணோக்கியில் கண்ட வடிவத்தை நம்பி, ஒருவகை மனித மலேரியா என்றே நோயாளிகள் சிலருக்கு மருத்துவமனைகள் எழுதிவந்தன. 2004-இல் பல்பீர் சிங் குழுவினர் மரபுப் பொருளைச் சோதித்து, அது குரங்குகளிடம் இருக்கும் நோலெசி மலேரியா என்று அறிவித்தனர். மனித மலேரியா இனங்கள் மலேசியாவில் உள்ளூரில் தொற்றுவது 2018 முதல் நின்றுபோனதாகப் பதிவாகியுள்ளது. காட்டோரத்து நோலெசி நிற்கவில்லை. குருதியில் அதன் ஒரு சுற்று 24 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் கூடை கழன்று, மீண்டும் பின்னப்படுகிறது. அந்தப் பின்னலை இடையில் நிறுத்தும் மருந்து இன்னும் எந்த மருந்தகத்திலும் இல்லை.